புத்தளக் கரையின் அணங்குக் கதைகள்

ஒரு நாட்டின் பழமையை அறிதற்குக் கல்வெட்டும் செப்பேடும் நூலும் நாணயமும் சான்றாவன என்பது யாவர்க்கும் ஒப்பமுடிந்த உண்மை. ஆயினும் இத்தகைய சான்றுகளை விட்டுச் செல்லும் வாய்ப்பு வென்றோர்க்கும் ஆண்டோர்க்குமே பெரிதும் உரியது. தோற்றோர் விட்டுச் செல்வது யாது? பல இடங்களில் அவர் விட்டுச் செல்வது ஒரு பேய்க்கதை மட்டுமே. இக்கூற்று மிகையோ என ஐயுறுவார்க்கு ஈழத்தின் மேல்கரையிலுள்ள புத்தள மாவட்டம் தக்கதொரு விடை தருகின்றது.

தெற்கே மாஓயாவின் கழிமுகந் தொடங்கி, சிலாபம், உடப்பு, கற்பிட்டி, புத்தளம் என்னும் ஊர்களைக் கடந்து, வடக்கே மோதரகம் ஆறு வரை நீண்டு கிடப்பது இக்கரை. கடலும் களப்பும் உப்பளமும் மணற்றிடரும், வடபாலில் வில்பத்துப் பெருங்காடும் அமைந்த நிலம் இது. இங்கு வழங்கும் அணங்குக் கதைகள் சிலவற்றை எடுத்து, அவை எதனைச் சொல்லுகின்றன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பேய் உண்டா இல்லையா என்னும் வாதத்தில் யாம் புகவில்லை. பேய் என்று யாரை, எப்பொழுது, எதற்காக அழைத்தனர் என்பதே ஈண்டு நம் வினா.

அணங்கும் இடமும்

பண்டைத் தமிழர் அச்சந்தரும் ஆற்றலை அணங்கு எனவும் சூர் எனவும் வழங்கினர். மலைமுகடு, சுனை, கடற்றுறை, முதுமரம் முதலியன அணங்கு உறையும் இடங்களாகச் சங்கச் செய்யுட்களிற் பேசப்படுகின்றன. அணங்கு இறந்தவர் ஆவியாகத்தான் இருத்தல் வேண்டும் என்பதில்லை; இடத்தோடு ஒட்டிய ஓர் உரிமையாளன் போலவும் அது கருதப்பட்டது. அவ்விடத்தினுட் புகுவோர் அதன் ஒப்புதலைப் பெற்றே புகுதல் வேண்டும். புத்தளக் கரையின் பழங்கதைகளை விளங்கிக்கொள்ள இக்கருத்து ஒரு திறவுகோலாகும்.

இதற்கு எடுத்துக்காட்டாக முத்துக்குளிப்பினை முதலிற் கூறலாம். மன்னார்க் கடலிலிருந்து சிலாபம் வரையுள்ள முத்துப் பார்கள் உலகப் புகழ் பெற்றவை. சிலாபம் என்னும் ஊர்ப்பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னுஞ் சொல்லின் வழிவந்ததென்பர். 1344ஆம் ஆண்டிற் புத்தளத்தில் வந்திறங்கிய மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபின் பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியை அங்குக் கண்டதையும் அவன்பால் இருந்த முத்துக்களையும் எழுதி வைத்துள்ளார். அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னர் இக்கடல்வழிச் சென்ற மார்க்கோ போலோ, முத்துக்குளிப்போர் பெத்தலார் என்னுமிடத்திற் கூடுவர் என்கின்றார். அவ்விடம் புத்தளமே என்பது அவர் நூலுக்கு உரைகண்ட யூல் என்பாரின் துணிபு.

மார்க்கோ போலோ கூறும் செய்தி ஒன்று நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. குளிப்போரைப் பெருமீன்கள் தீண்டாவண்ணம் மந்திரத்தாற் கட்டுவோர் இருந்தனர். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்க்குக் கூலி. அக்கட்டுப் பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அவர் கட்டினை அவிழ்த்துவிடுவர். கட்டினை இரவில் அவிழ்ப்பானேன்? மீன்கள் தம் விருப்பப்படி ஊறு செய்யும் என்ற அச்சம் நிலவுமாயின், இரவிற் களவாகக் குளிக்கத் துணிவார் எவருமிலர். காவலர் ஆயிரவரை நிறுத்தியும் காக்கவொண்ணாத கடற்பரப்பை ஓர் அச்சம் காத்து நின்றது எனலாம்.

கடல்கட்டி எனப்பட்ட இவர்தம் தொழில் ஆங்கிலேயர் காலத்திலும் நிலைபெற்றிருந்தது. 1845ஆம் ஆண்டு முதல் இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் இதனை விரித்துரைத்துள்ளார். கடல்கட்டியின் உரிமை பரம்பரையாக வருவது. அவர் காலத்தில் அவ்வுரிமைக்குடியின் தலைவர் உரோமன் கத்தோலிக்கர். அவர் நோயுற்றிருந்தமையால் வேறொருவரைத் தம் சார்பில் அனுப்பியிருந்தார். வந்தவர், தமக்கு மந்திரம் தெரியாதெனினும், தலைவரின் சார்பாளர் என்பதாலேயே சுறாக்கள் தம்மை மதிக்கும் என்று தெனன்றிடம் உறுதி கூறினாராம். இதனைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால் கல்லைக் காலிற் பிணித்து ஆழ்கடலுள் இறங்கும் ஏழைத் தொழிலாளிக்கு, தன்பொருட்டு ஒருவன் கரையில் நின்று பொறுப்பேற்கின்றான் என்னும் எண்ணம் எத்துணை வலிமை தந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும். சமய வேறுபாடு அங்குக் குறுக்கிடவில்லை. கடல் யாவர்க்கும் ஒன்றே, அச்சமும் ஒன்றே.

குவேனியின் கதை

கடற்கண் இருந்த அச்சம் மனிதனைக் காத்தது. கரைக்கண் எழுந்த அச்சமோ வேறு வகையது. இக்கரையோடு சேர்த்து வழங்கும் கதைகளுள் தலையாயது குவேனியின் கதை. இதனைப் பாலி மொழியிலமைந்த மகாவமிசம் ஏழாம் அதிகாரத்தில் விரித்துரைக்கின்றது. விசயனும் அவன் தோழர் எழுநூற்றுவரும் கரையேறிக் களைப்பால் நிலத்திற் கையூன்றி அமர்ந்தனர். செம்மண் தோய்ந்து கைகள் செம்புநிறம் பெற்றமையால் அவ்விடம் தம்பபண்ணி எனப் பெயர் பெற்றது. அவ்விடம் யாதென்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; வில்பத்துக் கரையிற் செந்நிறப் பாறையோடு உயர்ந்து நிற்கும் குதிரைமலையே அது என்போர் பலர். வில்பத்துக் காட்டினுள் குவேனியின் மாளிகை என மக்கள் சுட்டும் இடிபாடும் உண்டு.

கதையின் போக்கு வருமாறு. தேவன் ஒருவன் துறவி வடிவில் வந்து தோழர் கைகளிற் காப்பு நூல் கட்டிச் சென்றான். பின்னர் யக்கினி ஒருத்தி பெண்நாய் வடிவில் தோன்றினாள். நாய் உள்ள இடத்தில் ஊர் இருத்தல் வேண்டும் என்று எண்ணி ஒருவன் அதன்பின் சென்றான். ஒரு பொய்கைக் கரையில், மரத்தடியில், குவேனி என்னும் யக்கினி நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். காப்பு நூலின் ஆற்றலால் அவனை உண்ண இயலாது ஒரு குழியுள் எறிந்தாள். எழுநூற்றுவரும் ஒருவர்பின் ஒருவராக அவ்வாறே அகப்பட்டனர். இறுதியில் வந்த விசயன், பொய்கையினின்று மீண்ட அடிச்சுவடு ஒன்றும் காணாது ஐயுற்று, அவளைக் கூந்தலிற் பற்றி வாளை ஓங்கினான். அவள் உயிர்ப்பிச்சை வேண்டித் தோழரை மீட்டுத் தந்தாள். அரிசியும் பிற பொருள்களும் கொணர்ந்து அவர் பசி தீர்த்தாள். விசயனுக்கு மனைவியும் ஆயினாள்.

அன்றிரவு இசையொலி கேட்டது. சிரீசவத்து என்னும் யக்கர் நகரில் மணவிழா நடைபெறுவதாக அவள் கூறினாள். யக்கர் கண்ணுக்குப் புலனாகார்; ஆகவே தான் குரல் எழுப்புமிடத்தில் வாளை வீசுக என்றாள். விசயன் அவ்வாறே யக்கரைக் கொன்று நாடு கொண்டான். பின்னர் முடிசூடுதற்கு உயர்குலத்து அரசி வேண்டும் என மதுரைப் பாண்டியன் மகளை வருவித்துக் குவேனியைப் போகவிட்டான். தன்னினத்தாரிடம் மீண்ட அவளை, ஒற்று என்று கருதிய யக்கன் ஒருவன் ஒரே அடியிற் கொன்றான். அவள் மக்கள் இருவரும் மலைநாட்டுக்கு ஓடிப் புளிந்தர் குலத்துக்கு முதல்வராயினர்.

யக்கர் யார்?

இக்கதையை நிதானித்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். இதில் வரும் பேய்கள் பேய்களைப் போல் வாழவில்லை. குவேனி நூல் நூற்கின்றாள். அவளிடம் அரிசி இருக்கின்றது. மரக்கல வணிகரின் பண்டங்கள் இருக்கின்றன. யக்கர்க்கு நகர் உண்டு, அரசன் உண்டு, ஏழு நாள் மணவிழா உண்டு, இசை உண்டு. நாய் உள்ள இடத்தில் ஊர் உண்டு என எண்ணிய அத்தோழன், நூலாசிரியரினும் நன்கு உணர்ந்தவன் போலும். அவன் கண்டது ஓர் ஊரே. அங்கிருந்தோர் மக்களே. என்றி பாக்கர் என்னும் அறிஞர் 1909இல் வெளியிட்ட தம் நூலில், யக்கர் எனப்பட்டோரை இந்நாட்டின் முதுகுடிகளான வேடரோடு தொடர்புறுத்தி ஆராய்ந்தனர்.

சீன யாத்திரிகர் பாகியன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ஈராண்டு தங்கியவர். அவர் எழுதியுள்ளதும் இதற்குத் துணையாகின்றது. இத்தீவில் ஆதியில் மனிதர் இல்லை. பூதங்களும் நாகர்களுமே இருந்தனர். வணிகர் வந்தபோது அவை தம்மைக் காட்டிக்கொள்ளாமல் பண்டங்களை விலைக்குறிப்போடு வைத்துவிட்டு மறையும். வணிகர் விலையை வைத்துப் பண்டத்தை எடுத்துச் செல்வர் என்பது அவர் கேட்ட செய்தி. ஒருவர் மொழி ஒருவர் அறியாத இரு கூட்டத்தார், ஒருவரை ஒருவர் காணாமலே பண்டமாற்றுச் செய்யும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் இருந்தது. மறைந்து நின்று வாணிகம் செய்த மக்கள், கேட்டோர் வாயிற் பூதங்களாயினர்.

மண்ணும் ஒரு சான்று தருகின்றது. கலாஓயாவின் வடபால், காட்டினிடையே உள்ள பொம்பரிப்பில் முதுமக்கட்டாழிகள் நிறைந்த பெரும் புதைகாடு ஒன்று கண்டறியப்பட்டது. 1923-24இலும், பின்னர் 1956இலும் 1970இலும் அங்கு அகழ்வுகள் நிகழ்ந்தன. ஒரே தாழியுள் ஒருவர்க்கு மேற்பட்டோரின் என்புகளும், கறுப்புஞ் சிவப்புமான மட்கலங்களும் கிடைத்தன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டோடு இதனை ஒப்பிட்ட அறிஞர் பலர். கடலின் இருகரையிலும் ஒத்த ஈமவழக்கு இருந்தமை இதனாற் பெறப்படும். இத்தாழியுள் உறங்குவோரே குவேனியின் இனத்தார் எனத் துணிந்து கூறச் சான்றில்லை. அவ்வாறு கூறுதல் ஆராய்ச்சி நெறியும் ஆகாது. ஆயினும், இறந்தோரின் என்பைத் திரட்டிப் பேணித் தாழியில் இட்டு அடக்கஞ் செய்த மக்கள் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தே இக்கரையில் வாழ்ந்தனர் என்பது உறுதி. ஆளில்லாத காடு என்றும் பேய் உறையும் நிலம் என்றும் பிற்காலத்தார் கருதிய இடம், முன்னோர் அன்போடு அடக்கஞ் செய்த இடமாக இருந்தது.

மகாவமிசம் கூறும் ஒரு நுட்பத்தை மீண்டும் நினைவுகூர்தல் வேண்டும். விசயன் கொன்ற யக்கர் கண்ணுக்குப் புலனாகாதவர். மணவிழாவிற் கூடியிருந்த மக்களைக் கொன்றான் என்றால் கேட்போர் நெஞ்சம் பதைக்கும். பேய்களை வென்றான் என்றாலோ நெஞ்சம் மகிழும். ஒரு கூட்டத்தாரைப் பேய் என்று பெயரிட்ட பின்னர் அவரைக் கொல்லுதலும் எளிது, கொன்றதை மறத்தலும் எளிது.

குதிரைமலை அல்லி

அதே குதிரைமலையோடு தமிழ்மக்கள் இணைத்துக் கூறும் கதை அல்லி அரசியினுடையது. ஆண்துணையின்றி ஆண்ட அவள் இங்கு அரண்மனை அமைத்திருந்தாள் என்றும், முத்துக் கொடுத்துக் குதிரை வாங்கினாள் என்றும், அவள் நகரைக் கடல் கொண்டது என்றும் கூறுவர். உரோமப் பேரறிஞர் பிளினி, கிளாடியசு மன்னன் காலத்தில், அன்னியசு பிளக்காமசு என்பானின் பணியாள் காற்றாற் கடத்தப்பட்டு இலங்கையின் இப்புரோசு என்னும் துறையை அடைந்தான் என்கின்றார். அச்சொல் குதிரை என்னும் பொருளோடு தொடர்புடைமையால் அத்துறை குதிரைமலையே என்பர் அறிஞர் சிலர்.

புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லியரசாணி மாலையில் அல்லி மதுரையை ஆண்டவள். அருச்சுனன் அவளைச் சூழ்ச்சியால் மணக்கின்றான். அந்த அல்லி எவ்வாறு ஈழக்கரைக்கு வந்தாள்? வரலாற்று முறையில் இதற்கு விடை தேடுதல் பயனற்றது. ஆனால் குவேனி கதையும் அல்லி கதையும் ஒரே குன்றைச் சூழ்ந்து நிற்பதும், இரண்டிலும் நிலத்தை ஆள்பவள் பெண்ணாக இருப்பதும், வெளியிலிருந்து வரும் வீரன் அவளை வெல்வதும் கருதத்தக்கன. பாலி நூலோர் அவளை யக்கினி என்றனர். தமிழ்ப் பொதுமக்கள் அவளை அரசி என்றனர். ஒரே இடத்தின் நினைவுக்கு இருவேறு பெயர்கள் இட்டனர் போலும்.

வென்றோரைத் தொடரும் நிழல்

தோற்றோரைப் பேயாக்கியதோடு கதை முடிந்துவிடவில்லை என்பதே இவற்றின் சிறப்பு. கண்டிநாட்டிற் கொகொம்ப கங்காரிய என்னும் பெருஞ்சடங்கு இன்றும் நிகழ்த்தப்படுவது. அதன் தோற்றக்கதை குவேனியோடு தொடங்குகின்றது. விசயன் குவேனிக்குச் செய்த ஆணையைப் பொய்த்தான். அப்பழி அவனுக்குப் பின் அரசேறிய பண்டுவாசுதேவனைத் திவிதோசம், அதாவது சிறுத்தைத் தோசம், என்னும் நோயாகப் பற்றியது; அதனைத் தீர்க்கவே இச்சடங்கு எழுந்தது என்பர். குற்றம் செய்தவன் ஒருவன். நோயுற்றவன் அவன் வழிவந்தவன். வென்றோரின் வழித்தோன்றல்களே தம் முன்னோன் செய்த பிழையை மறவாது, ஆடியும் பாடியும் அதற்குக் கழுவாய் தேடுகின்றனர். நூலிற் கொல்லப்பட்டு ஒழிந்த குவேனி சடங்கில் ஒழியவில்லை.

இக்கரையின் தென்பாகத்திற் சிலாபத்தை அடுத்துள்ள முன்னேசுவரத்தின் தலக்கதையும் இதே கருத்தினைச் சைவ மரபில் நிலைநாட்டுகின்றது. இராவணனைக் கொன்று வெற்றியோடு மீண்ட இராமபிரானைப் பிரமகத்தி தொடர்ந்தது. கொல்லப்பட்டோன் அந்தணர் குலத்தவனாதலின் அப்பழி நிழல்போற் பின்வந்தது. வானூர்தி முன்னேசுவரத்தை அணுகியபோது அது தம்மைவிட்டு நீங்கக் கண்ட இராமர், இறங்கி ஈசனை வழிபட்டார். பின்னர் மானாவரி முதலிய தலங்களில் இலிங்கம் தாபித்தார் என்பது ஐதிகம். தமிழகத்துத் திருவிடைமருதூரிலும் வரகுண பாண்டியனைப் பற்றிய பிரமகத்தி கீழைவாயிலிற் காத்து நிற்பதாகவும், அவன் மேலைவாயிலால் வெளியேறினான் எனவும் கூறுவர். இறைவனுடைய அவதாரமே ஆயினும், அறப்போரே ஆயினும், கொலைக்குக் கணக்கு உண்டு என்பதன்றோ இக்கதைகளின் உட்கிடை? பகைவனை அரக்கன் என்று சொல்லி அமைந்துவிட நம் முன்னோர் உடன்படவில்லை.

முன்னேசுவரத்தை அடுத்துள்ள பத்திரகாளி கோயிலுக்குத் தமிழரேயன்றிச் சிங்கள மக்களும் திரளாக வருவர். பொருள் பறிகொடுத்தோரும், வழக்கிற் பொய்ச்சான்றால் தோற்றோரும், கைவிடப்பட்டோரும் அங்கு முறையிட்டுப் பகைவரைத் தண்டிக்க வேண்டுவது வழக்கம். மானிடவியலறிஞர் கணநாத ஒபயசேகர 1975இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், முன்னேசுவரம் உள்ளிட்ட மூன்று தலங்களில் இவ்வாறு வருவோரை ஆராய்ந்தார். வாளெடுத்துக் கொல்லக்கூடிய சினத்தினைத் தெய்வத்தினிடம் ஒப்படைத்துவிடும் வழியாகச் சூனியம் அமைகின்றது என்பது அவர் கண்ட முடிபு. நீதிமன்றம் தராத நீதியை மக்கள் அச்சந்தரும் தெய்வத்தின் வாயிலிற் கேட்கின்றனர். குவேனியின் பழியும் பிரமகத்தியும் காளியிடம் வைக்கும் முறையீடும், தீராத ஒரு கணக்கு தீர்க்கப்படல் வேண்டும் என்னும் ஒரே கருத்தினையே வெவ்வேறு வாயாற் கூறுகின்றன.

நம் கடன்

இக்கதைகளைத் தொகுத்துப் பேணும் பணி இன்று காலந்தாழ்த்தற்கு உரியதன்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டிலேயே இலங்கையின் ஊர்களைப் பற்றிய விவர அகராதியினை வெளியிட்டு நமக்கு வழிகாட்டினார். அவர் காலத்துக்குப் பின் இக்கரை பெரிதும் மாறிவிட்டது. நீர்கொழும்பு முதற் சிலாபம் வரை தமிழ் பேசிய கரையோரக் குடிகள் பல, இருபதாம் நூற்றாண்டிற் பள்ளிக்கூட மொழி மாறியதனாற் சிங்களம் பேசுவோராயின. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்று வெளியேற்றப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முசிலிம் மக்களுட் பெரும்பாலார் இம்மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். மொழி மாறினும் மக்கள் பெயரினும் முதலில் மறைவன இடக்கதைகளே. இன்ன மரத்தடியில் இன்னது நிகழ்ந்தது என்னுங் கதை, அம்மரத்தை அறிந்தோர் அகன்றபின் பொருளிழந்து போகும்.

ஆதலின் மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் உடப்பிலும் முந்தலிலும் கற்பிட்டியிலும் உள்ள முதியோரை அணுகி, அவர் கூறுங் கதைகளை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வைத்தல் நன்று. கூறியவர் அகவை, தொழில், கேட்ட நாள், கதை நிகழ்ந்த இடம் என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். கதையைத் திருத்துதலும் ஒன்றோடொன்று ஒட்டுதலும் தகா. ஒரே கதையைத் தமிழரும் சிங்களவரும் முசிலிம்களும் எவ்வெவ்வாறு கூறுகின்றனர் என ஒப்பிடுதல் பெரும்பயன் தரும்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. அல்லியின் கதையை ஒருவரும் விசயனின் கதையை மற்றொருவரும் நில உறுதி போல ஏந்தி, இம்மண் எமதே என்று வாதிடுதல் இக்கதைகளின் இயல்பை அறியாமையின் விளைவு. அவை உரிமைப் பத்திரங்கள் அல்ல. நமக்கு முன் இங்கு இருந்தோர் உண்டு என்பதையும், அவர்க்கு நாம் செய்தது யாது என்பதையும் நினைவூட்டும் முறையீடுகள் அவை. அண்மைக்காலப் போரில் அடக்கமும் இறுதிக்கடனும் பெறாது மறைந்தோர் எண்ணற்றோர் உள்ள இந்நாட்டில், அம்முறையீட்டைச் செவிமடுத்தல் கற்றோர்க்குக் கடனாகும். ஒரு கூட்டத்தாரைப் பேய் என்றும் அரக்கர் என்றும் அழைக்கும் சொல் நம் காதில் விழும்போதெல்லாம், மரத்தடியில் இருந்து நூல் நூற்ற அப்பெண்ணை நினைத்தல் வேண்டும்.